501-வது யூனிட்

திருவட்டாறு,
16.05.2020

அன்புள்ள மக்கா,

உங்கள் இங்கிலாந்து எம்.பி.க்களுக்குக் கூட்டின 10,000 பவுனைப் பற்றி நீ அனுப்பின ஏழு வாய்ஸ் மெசேஜையும் கேட்டாச்சு. ஏழாவதில் நீ போட்ட சத்தத்தில், அடுக்களையில் நின்ற என் வீட்டுக்காரி "யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஓடி வந்துவிட்டாள். உனக்குப் பேசிப் பதில் அனுப்ப எனக்கு வராது. 33 வருஷம் கருவூலத்தில் குறிப்பு எழுதிப் பழகின கை. இந்தக் கொரோனாவில் தபாலை நம்பமுடியாத காலம் என்பதால் தாளில் எழுதிப் பையனிடம் கொடுக்கிறேன், போட்டோ பிடித்து அனுப்புவான். கையெழுத்து விளங்கவில்லை என்றால் மதினியிடம் காட்டு. டாக்டர் எழுத்தையே வாசிக்கிறவள்.

மதினிக்கு மாஸ்க், கவுன் எல்லாம் இப்போதாவது ஒழுங்காகக் கிடைக்கிறதா? வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்காரர்களுக்காக உங்கள் தெருவே கைதட்டுகிற வீடியோ பார்த்தோம். இங்கேயும் மார்ச்சில் தட்டினோம். சிலபேர் தட்டத்தைத் தட்டினார்கள்.

ஊர் பாடு இதுதான். ரப்பர் பால்வெட்டு ஒரு மாதம் நின்று, இப்போதுதான் மறுபடி தொடங்கியிருக்கிறது. பலாவில் சக்கை வருஷமில்லாத வருஷமாகக் காய்த்துக் கிடக்கிறது, ஏற்றிப்போக லாரி இல்லை. எங்கள் வீட்டில் காலையில் சக்கை, மதியம் சக்கைக்குரு துவரன், ராத்திரிக்கு என்ன என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன். ஈரானுக்கு மீன்பிடிக்கப் போன நம்ம கடற்கரைப் பிள்ளைகள் இன்னும் வந்து சேரவில்லை. களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போக பாஸ் வேண்டும். பாறசாலைக்குக் கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்க்க நாடு விட்டு நாடு போகிற மாதிரி மனு போடுகிறார்கள். 1956-க்கு முன்னால் எல்லாம் ஒரே திருவிதாங்கூர் என்று யாரிடம் சொல்ல?

இனி உன் வழக்குக்கு வருகிறேன்.

உங்கள் ஊர் எம்.பி.க்கள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்கு ஆளுக்கு 10,000 பவுன் கூடுதலாம். நம்ம கணக்கில் ஒன்பது லட்சத்துக்கு மேல். ஏப்ரல் 1-ஆம் தேதிதான் சம்பளத்தை 3.1 சதவீதம் கூட்டி வருஷத்துக்கு 81,932 பவுன் ஆக்கினார்கள். மறுநாளே சுகாதார மந்திரி ஹான்காக் எழுந்து, பந்து விளையாடுகிறவர்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று புத்தி சொன்னார். அடுத்த வாரம் இந்தச் செய்தி. உன் மகளோ மார்ச்சிலிருந்து படுக்கையறை மேசையில் இருந்து வேலை பார்க்கிறாள், அவளுக்கு வரிக்காரர்கள் ஒதுக்கியிருப்பது வாரத்துக்கு 6 பவுன். போன வருஷம் வரை 4 பவுன், இப்போதுதான் 6. அதையும் முதலாளி கொடுத்தால் வரி கிடையாது, அவ்வளவுதான். முதலாளி கொடுக்கவில்லை என்றால் அந்த ஆறுக்கு உண்டான வரி மட்டும் மிச்சம். 20 சதவீத வரி கட்டுகிறவளுக்கு வாரத்துக்கு 1 பவுன் 20 பென்ஸ். உனக்குச் சத்தம் வந்ததில் ஆச்சரியமில்லை.

ஆனாலும் மக்கா, பில்லைப் பார்க்காமல் ஒப்புதல் போட்டதும் இல்லை, பில்லைப் பார்க்காமல் தடை போட்டதும் இல்லை நான். நீ அனுப்பின செய்தியையே ரெண்டு தரம் படித்தேன். அந்தப் பணம் எம்.பி.யின் பாக்கெட்டுக்குப் போகிற படி இல்லை. அவருடைய அலுவலகச் செலவுக்கான உச்சவரம்பை, அடுத்த மார்ச் வரைக்கும் 10,000 ஏற்றியிருக்கிறார்கள். லேப்டாப், பிரிண்டர், கரண்டு, வீட்டைச் சூடாக்குகிற செலவு, போன் பில். அவருக்கு மட்டும் இல்லை, அவரிடம் வேலை பார்க்கிறவர்களுக்கும் சேர்த்து. வாங்கினதற்கு பில் காட்டினால்தான் காசு. வாங்காதவருக்கு ஒன்றும் கிடையாது. வரம்பை ஏற்றினதும் எம்.பி.க்கள் இல்லை, இப்சா என்கிற தனி அமைப்பு.

போன மாதம் உன் மச்சான் விசா காரியமாக எம்.பி. ஆபீசுக்கு மெயில் போட்டு, ரெண்டே நாளில் பதில் வந்தது என்று நீதான் பெருமையாகச் சொன்னாய். அந்தப் பதிலை அடித்த பெண் எந்த மேசையிலிருந்து அடித்தாள் என்று நினைக்கிறாய்? அவளும் உன் மகள் மாதிரி ஏதோ ஒரு படுக்கையறையில்தான் இருந்திருப்பாள்.

இப்சா ஏன் வந்தது என்பது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீ அங்கே போய்ச் சேர்ந்த புதிதில், 2009-இல், எம்.பி.க்களின் செலவுக் கணக்கு பத்திரிகையில் நாறினதே. குளத்தில் மிதக்கிற வாத்துக்கூட்டுக்கு 1,645 பவுன் கேட்டார் பீட்டர் விகர்ஸ் என்கிற எம்.பி. எல்லாரும் அந்த வாத்தைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு. அந்தத் தொகை அவருக்குக் கொடுக்கப்படவே இல்லை. அங்கே என்னை மாதிரி ஒரு குமாஸ்தா இருந்து, இது அனுமதிக்கத்தக்கதல்ல என்று எழுதியிருக்கிறான். அவன் பேர் யாருக்கும் தெரியாது. வேறு கணக்குகளில் அவ்வளவு கறார் இல்லை; சபாநாயகரே பதவியை விட்டார், சில எம்.பி.க்கள் ஜெயிலுக்கும் போனார்கள். அதற்குப் பிறகுதான் இவர்களுடைய சம்பளத்தையும் செலவையும் இவர்களே தீர்மானிக்கக் கூடாது என்று ஆனது.

இவ்வளவு சட்டம் பேசுகிறேனே, என் வீட்டு வழக்கை இன்னும் என்னால் தீர்க்க முடியவில்லை. கேள்.

பையன் மார்ச் கடைசியில் திருவனந்தபுரத்திலிருந்து கம்பெனி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். கீழே ரப்பர் மரத்துக்கு நடுவே சிக்னல் கிடையாது. மாடியில் ஓடு போட்ட ஒற்றை அறையில்தான் நெட் கிடைக்கும், மே மாசத்தில் அங்கே அப்பளம் பொரிக்கலாம். ஆக ஏசி போட்டான். வழக்கமாக எங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு 280 யூனிட், 470 ரூபாய். நம்ம மின்வாரியக் கணக்கு உனக்கு மறந்திருக்கும். 500 யூனிட் எரித்தால் 1,130 ரூபாய். 501 எரித்தால் 1,786 ரூபாய் சொச்சம். ஒரே ஒரு யூனிட், 656 ரூபாய். ஐநூறைத் தாண்டினால் முதல் நூறு தவிர கீழே உள்ள யூனிட்டுக்கும் ரேட் ஏறிவிடும். ஆக தினமும் சாயங்காலம் நான் ஸ்டூல் போட்டு ஏறி மீட்டரைப் பார்த்து, போன ரீடிங்கைக் கழித்து, காலண்டர் பின்னால் எழுதுகிறேன். ரீடிங் எடுக்கிறவர் வரவில்லை. போன பில் தொகையையே கட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவர் வருகிற அன்றைக்கு எந்த மாசத்தை எப்படிப் பிரிப்பார்களோ, அது தனிக் கவலை.

இப்போது சொல். அந்த 501-வது யூனிட் யாருடையது? பையன் மீட்டிங்கில் இருந்தபோது ஓடின ஏசியா, இவள் மாவாட்டின கிரைண்டரா, நான் ராத்திரி செய்தி பார்த்த டி.வி.யா? அவன் கம்பெனி ஒரு பைசா தரவில்லை. "ஆபீஸ்ல கேளுடே" என்றால், "வேலை இருக்கதே பெரிசு, கரண்டு காசா கேக்க முடியும்?" என்கிறான். அதுவும் சரிதான்.

இதே கேள்வி எனக்கு ஒரு தரம் மேசை மேலேயே வந்திருக்கிறது. எஸ்.டி.டி. காலம். ஒரு துறை அதிகாரியின் வீட்டு போன் பில், முழுத் தொகைக்கும் பட்டியல் போட்டு வந்தது. கூடவே இருந்த லிஸ்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பெங்களூருக்கு அரைமணி நேரம். மகள் அங்கே கட்டிக்கொடுத்த இடம் என்று ஊருக்கே தெரியும். சொந்த அழைப்புகளைக் கழித்து மறு பட்டியல் அனுப்பவும் என்று தடை எழுதினேன். மனுஷன் நேரிலேயே வந்துவிட்டார். கோபப்படவில்லை. "தம்பி, ராத்திரி பதினொரு மணிக்கு மேலிடத்திலிருந்து கூப்பிடுறதும் இதே போன்லதான். எனக்க பெண்டாட்டிக்குத் தூக்கம் கெடுது. அதுக்கு எந்தத் தலைப்புல பில் போட?" என்று கேட்டார். பெங்களூர் காசைக் கட்டிவிட்டுத்தான் போனார். நான் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தது இன்றைக்கும் உறுத்துகிறது.

உங்கள் ஊரிலும் இது புதிதில்லை. 2013-இல் நாதிம் ஜஹாவி என்கிற எம்.பி. வீட்டுக் கரண்டு பில்லைக் கொடுத்துப் பணம் வாங்கினார். அந்த மீட்டரிலேயே அவருடைய குதிரை லாயமும் ஓடினது தெரிந்து மன்னிப்புக் கேட்டு, லாயத்துக்கு உண்டானதைத் திருப்பிக் கட்டினார். மீட்டருக்கு எம்.பி. எது, குதிரை எது என்று தெரியாது. என் மீட்டருக்கும் கிரைண்டர் எது என்று தெரியாது. ஆகவே இதில் பில் பார்க்கிற ஆள் ஒருத்தன் வேண்டும், அவன் பார்த்ததை ஊர் பார்க்க வேண்டும். உங்கள் ஊரில் இது ரெண்டும் இருக்கிறது. எம்.பி. எதற்கு எவ்வளவு வாங்கினார் என்று பேர் போட்டே இப்சா வெளியிடுகிறது.

இங்கே நிலைமையைக் கேள். எம்.பி.க்கு மாசம் ஒரு லட்சம் சம்பளம். தொகுதிப்படி 70,000. அலுவலகச் செலவு 60,000. அதில் 40,000 உதவியாளருக்கு, மீதி காகிதம், தபாலுக்கு. போன மாசம் அவசரச் சட்டம் போட்டு ஒரு வருஷத்துக்குச் சம்பளத்தில் 30 சதவீதம் வெட்டினார்கள். தொகுதிப்படி 49,000 ஆனது, அலுவலகச் செலவு 54,000 ஆனது. டீக்கடை திறந்திருந்தால் அன்றைக்கு எல்லாரும் பாராட்டிப் பேசியிருப்போம். ஆனால் தொகுதிப்படிக்கு பில்லே கிடையாது மக்கா. எழுபதும் பில் இல்லாமல் போனது, நாற்பத்தொன்பதும் பில் இல்லாமல்தான் போகிறது. எனக்கு ஒரு கட்டு பேப்பர் வாங்க மூன்று கொட்டேஷன் கேட்டவர்கள்!

இன்னொன்று. சம்பளத்தில் வெட்டினது வருஷத்துக்கு ஆளுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். அதே நாளில் தொகுதி மேம்பாட்டு நிதியை ரெண்டு வருஷத்துக்கு நிறுத்தினார்கள். அது வருஷத்துக்கு ஆளுக்கு 5 கோடி. முதலாவது எம்.பி. வீட்டுக் காசு, ரெண்டாவது நம்ம ஊர் நிழற்குடையும் பள்ளிக்கூடக் கட்டிடமும். முதலாவதற்குக் கைதட்டினோம். ரெண்டாவதை நம்ம ஜங்ஷனில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

நீ உடனே காமராஜரை எடுப்பாய், தெரியும். 1969 இடைத்தேர்தலில் அவர் நாகர்கோவிலில் நின்றபோது நாம் ரெண்டுபேரும் கூட்டத்துக்குப் போய் அடிவாங்கின கதை வேறு இருக்கிறது. அவர் மாதிரி நூறில் ஒருத்தர் கிடைப்பார்கள், மீதித் தொண்ணூற்றொன்பது பேருக்குத்தான் விதி எழுதுவது. அதோடு, எம்.பி.க்குச் சம்பளமே வேண்டாம் என்றால் ரப்பர்த் தோட்ட முதலாளிதான் எம்.பி. ஆவான், பால்வெட்டுகிறவன் ஆகமாட்டான். உங்கள் ஊரில் 1838-லேயே தொழிலாளிகள் தங்கள் சாசனத்தில் எம்.பி.க்குச் சம்பளம் கொடு என்று கேட்டார்கள். 1911-இல்தான் கிடைத்தது, வருஷத்துக்கு 400 பவுன். 73 வருஷம் கத்தி வாங்கினது. இப்போது அதே ஆட்களின் பேரன்மார் எம்.பி.க்கு ஏன் காசு என்று கத்துகிறார்கள்.

உன் கோபத்தில் எனக்கு மறுப்பு இல்லாத இடம் ஒன்று உண்டு. எம்.பி. ஆபீஸ் பெண்ணுக்கு நாற்காலி வேண்டும் என்று பத்தாயிரத்தை அவ்வளவு சீக்கிரம் யோசித்தவர்களுக்கு, உன் மகள் நாற்காலிக்கு 1 பவுன் 20 பென்ஸ் போதும் என்று எப்படித் தோன்றியது? ஏதோ மனுவுக்குக் கையெழுத்து வாங்க வருகிறார்கள் என்றாயே, இதைக் கேட்கிற தாளாக இருந்தால் போடு. வரம்பை ரத்து செய் என்கிற தாள் என்றால் நான் போடமாட்டேன். நீ எப்படியும் போட்டிருப்பாய்.

அடுத்த வருஷம் இப்சா கணக்கு வெளியிடும்போது உன் எம்.பி. பேரைத் தேடி எனக்கு அனுப்பு. அந்தப் பத்தாயிரத்தில் எவ்வளவு எடுத்தார், எதற்கு எடுத்தார் என்று பார்க்க வேண்டும். ரிட்டையர் ஆன பிறகு ஒரு பில்லும் கையில் வரவில்லை, விரல் அரிக்கிறது.

மதினியைப் பத்திரமாக இருக்கச் சொல். இவள் சக்கை வற்றல் போட்டு வைத்திருக்கிறாள், பிளேன் ஓடட்டும், யாராவது வருகிறவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

இன்றைய கணக்கு 468. பையனுக்கு ஆறு மணிக்கு இன்னொரு மீட்டிங் இருக்கிறதாம்.

உன் பழைய பெஞ்சுக்காரன்