அந்த ஆறு வருஷமும் மிச்ச 47 வருஷமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில், நாடகத்திலும் சினிமாவிலும் பாடி நடித்த கே.பி.சுந்தராம்பாளுக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அந்த மட்டும் சந்தோஷம். ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி போட்டிருந்தீர்களே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதலாம்தான். பொய் சொல்லக் கூடாது, இறங்கியது. ஆனால் மூன்று நாளாக வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருக்கிறேன். அந்த வரி இது: “1933இல் கிட்டப்பா மறைந்ததோடு சுந்தராம்பாளின் வாழ்க்கையும் முடிந்துபோனது, அதன்பின் வெள்ளைச் சேலையும் விபூதியுமாக ஒரு நிழலாகவே வாழ்ந்தார்.”

எழுதியவர் சின்னப் பையனாக இருக்கலாம். உங்களுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. அதனால்தான் கோபமே உங்கள் மேல்.

நாடக மேடைப் பாடகர் கிட்டப்பாவை அந்தம்மா கல்யாணம் செய்துகொண்டது 1927இல். அவர் போய்ச் சேர்ந்தது 1933 டிசம்பரில். ஆக, ஆறு வருஷம். அந்த ஆறு வருஷத்திலும் கிட்டப்பாவுக்கு ஊரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது, இடையில் பிரிவும் மனஸ்தாபமும் இருந்தன. அதற்கப்புறம் 1980 வரைக்கும் ஏறக்குறைய 47 வருஷம் இருந்தார். உங்கள் நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் அந்த ஆறு வருஷத்துக்கு, ஒரே பக்கம் இந்த 47க்கு. அந்த ஒரு பக்கத்திலும் பாதியைப் படம் அடைத்துக்கொண்டது. படத்தைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

வாழ்க்கை முடிந்துபோன மனுஷி 1935இல் என்ன செய்தார் தெரியுமா? ஒரு படத்தில் நந்தனாராக நடித்தார். ஆண் வேஷம். எதிரே வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர், கச்சேரி மேடையில் அன்றைக்கு எவ்வளவு பெரிய பெயர் என்று சொல்ல வேண்டியதில்லை. வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். 1935இல் ஒரு லட்சம்! அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் காவேரிப் பாசனத்தில் ஒரு ஏக்கர் என்ன விலை போயிற்று என்று வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். நிழலுக்கு யாரய்யா ஒரு லட்சம் கொடுப்பார்கள்?

வெள்ளை உடுத்தியது உண்மை. ஆண் நடிகரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று இருந்ததும் உண்மை. இதைச் சோகம், தியாகம் என்று ஆளாளுக்கு மூக்கைச் சிந்திக்கொண்டு எழுதுகிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் நிபந்தனையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார், படமெடுக்கிறவர்கள் அதற்கேற்ற கதையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஜெமினி ஸ்டூடியோ முதலாளி வாசனே ‘ஔவையார்’ எடுக்க அவரிடம்தான் போக வேண்டியிருந்தது. 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள் என்கிற சமணத் துறவி வேஷம். அதில் தெய்வம் எங்கே போய்விட்டது என்று கேட்கிற மாதிரி ஒரு வரி இருந்ததாம், முருக பக்தையான நான் இதைப் பாட மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம், கடைசியில் தெய்வம் வந்துவிட்டது என்று வரியை மாற்றிய பிறகுதான் பாடினார் என்று சினிமாக்காரர்கள் சொல்வார்கள். வசனம் எழுதியவர் கலைஞர் கருணாநிதி! அவர் படத்தில் வரியை மாற்ற வைத்த நிழலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் யார், இவ்வளவு பேச எனக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். பாட்டு வாத்தியார் இல்லை. கொடுமுடிப் பக்கம் 40 வருஷம் மைக் செட் கடை வைத்திருந்தவன். 14 வயதில் முதலாளியின் சைக்கிள் பின்னால் ஆம்ப்ளிஃபையர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். மாரியம்மன் சாட்டி, கம்பம் நட்டுவிட்டால் எங்களுக்கு ராத்திரி பகல் கிடையாது. தென்னை மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு இறங்கினால், முதலில் பிள்ளையார் பாட்டு, அடுத்து கே.பி.எஸ். இந்த வரிசையை மாற்றினால் ஊர்க் கவுண்டர் ஆள் அனுப்பிவிடுவார்.

மற்ற ரெக்கார்டுகளுக்கு நாங்கள் வால்யூமை முக்கால் வரை திருப்புவோம். இந்தம்மா ரெக்கார்டு போட்டால் பாதியைத் தாண்ட முடியாது. தாண்டினால் குழாய் கரகரக்கும், டயஃபிரம் போய்விடும். ‘திருவிளையாடல்’ ரெக்கார்டு தேய்ந்து தேய்ந்து ஒரு இடத்தில் கீறல் விழுந்துவிட்டது. பழம் என்று அவர் எடுக்கும்போதே முள் தாவிவிடும். முள் மேல் ஒரு அலுமினியப் பத்துப் பைசாவை வைத்துத்தான் ஓட்டினோம். ஒருநாள் காற்றில் காசு நழுவி, பழம், பழம், பழம் என்று ஏழெட்டுத் தடவை அதே இடத்தில் சுற்றியது. நான் ஓடி வருவதற்குள் கோயில் முன்னால் உட்கார்ந்திருந்த கிழவிகள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மைக் விற்று, வாடகைக்கு விட்டுச் சோறு தின்றவன் சொல்கிறேன், அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை. அது மைக் வருவதற்கு முன்னால் கட்டப்பட்ட குரல். சின்ன வயதில் வயிற்றுப்பாட்டுக்காக ரயிலில் பாடிய பெண். ரயில் ஓடுகிற சத்தத்துக்கு மேலே பாடிப் பாருங்கள், தெரியும். அப்புறம் நாடகக் கம்பெனியில் பாலபார்ட் என்கிற சிறுவர் வேஷம், கொழும்பு மேடை, ஆர்மோனியக்காரர் வைக்கிற உச்ச சுருதியில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரனுக்கும் கேட்க வேண்டும் என்கிற கட்டாயம். இதில் எது கிட்டப்பா கொடுத்தது? கிட்டப்பா பெரிய பாடகர், மறுக்கவில்லை. ஆனால் தியாகராஜ பாகவதரைப் பற்றி எழுதினால் ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளி ஓடியதைத்தானே எழுதுகிறீர்கள்? அவர் வீட்டுக்காரம்மாவின் பெயர் உங்கள் வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கடிதத்துக்குச் சம்பந்தமில்லை என்று வெட்டிவிடுவீர்கள். என் அம்மாவும் வெள்ளைச் சேலைதான். 26 வயதில். இரண்டு எருமை, ஒன்றரை ஏக்கர் மஞ்சள் காடு, கையில் நான், இடுப்பில் என் தங்கை. டூரிங் டாக்கீஸில் ‘ஔவையார்’ திரும்பப் போட்டபோது மண்ணைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்து பார்த்தார். அழவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது, “எப்படிப் பேசுறா பாரு, ராஜாவையே” என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் மஞ்சள் மண்டிக்காரர் எடையில் கை வைத்தபோது அம்மா பேசிய பேச்சை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். ஊரில் யாரும் அவர் வாழ்க்கை முடிந்துபோனதாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

சரி, இது ஒருநாள் கோபமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2008இல் அந்தம்மாவுக்கு நூற்றாண்டு. எங்காவது ஒரு மூலையில் போடுவீர்கள் என்று காத்திருந்துவிட்டு நானே எழுதி அனுப்பினேன். வரவில்லை. அதே மாதம் ஒரு நடிகையின் நாய்க்குட்டிக்கு இரண்டு பக்கம் வந்திருந்தது, நன்றாகத்தான் இருந்தது குட்டி. அப்புறம் ஒருமுறை கேள்வி பதில் பகுதியில் கொடுமுடியைக் கரூர் மாவட்டத்தில் கொண்டுபோய் வைத்தீர்கள். அஞ்சலட்டை போட்டேன், கொடுமுடி ஈரோட்டுக்குத் திரும்பி வரவேயில்லை. டி.வி.யில் பாட்டுப் போட்டி நடத்துகிறார்கள். ஒரு பெண் குழந்தை உயிரைக் கொடுத்து, ‘திருவிளையாடல்’ படத்தில் ஔவையாராக வந்து இந்தம்மா பாடிய பாட்டைப் பாடுகிறது, கீழே ‘படம்: திருவிளையாடல், நடிப்பு: சிவாஜி கணேசன்’ என்று ஓடுகிறது. பாடியவர் பெயர் எங்கே? அதை நீங்கள் செய்யவில்லைதான். ஆனால் உங்கள் டி.வி. பக்கத்தில் அந்த நிகழ்ச்சியை ஆகா ஓகோ என்று பாராட்டியது நீங்கள்தானே.

தேசிய விருது விஷயமும் உங்கள் கட்டுரையில் இல்லை. சிறந்த பின்னணிப் பாடகிக்கான முதல் விருது 1968ஆம் ஆண்டுக்கு பி.சுசீலாவுக்குப் போயிற்று. அடுத்த ஆண்டுக்கு, ‘துணைவன்’ படத்துக்காக, இவருக்கு. அப்போது வயது 60ஐத் தாண்டிவிட்டது. 1970இல் பத்மஸ்ரீ. சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்ததையும் ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள். சினிமாக்காரர்கள் கோட்டைக்குப் போவதைப் பற்றி மாதம் ஒரு அட்டைப்படம் போடுகிற உங்களுக்கு, முதலில் அந்த மண்டபத்தில் போய் உட்கார்ந்தது இந்தம்மா என்பது சிறப்பிதழுக்குக்கூடத் தேறவில்லையா?

இப்போது படத்துக்கு வருகிறேன். கடைசிப் பக்கத்தில் பாதியை அடைத்த படத்துக்குக் கீழே ‘முதுமையில் கே.பி.எஸ்.’ என்று போட்டிருக்கிறீர்கள். அது முதுமை இல்லை ஐயா. அது ‘ஔவையார்’ படத்தின் ஸ்டில். 1953. கையில் கோல், தலையில் வெள்ளை முடி, எல்லாம் மேக்கப். அப்போது அவருக்கு 45 வயதுகூட நிறையவில்லை. எனக்கு 70 தாண்டிவிட்டது, உங்கள் கணக்குப்படி நான் எப்போதோ ஃபோட்டோவாகி மாலை போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரியை நீங்கள் திரும்பப் பெற மாட்டீர்கள் என்று தெரியும், அது கருத்து என்பீர்கள். படக்குறிப்பையாவது அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில், ராசிபலனுக்குக் கீழே இல்லாமல். அவருடைய நிஜமான வயதான காலத்துப் படம் வேண்டுமென்றால் என்னிடம் ஒரு திருவிழா நோட்டீஸ் இருக்கிறது, கண்ணாடி போட்டு, நெற்றி நிறைய விபூதியோடு, நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். பதிவுத் தபாலில் அனுப்பி வைக்கிறேன். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒரு பொங்கல் மலருக்கென்று நான் கொடுத்த இரண்டு நாடக நோட்டீஸ்கள் இன்னும் உங்களிடம்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
பழைய மைக் செட்காரன்,
கொடுமுடி வட்டம், ஈரோடு மாவட்டம் (கரூர் அல்ல).