காங்கோவைப் பிடித்தது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐரோப்பியக் காலனி ஆதிக்கம் பற்றிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். ஆலைகளுக்கு மூலப்பொருள் வேண்டும், செய்த சரக்கை விற்கச் சந்தை வேண்டும், அதனால் கடல் கடந்தார்கள் என்று முடித்திருக்கிறீர்கள். நானும் வகுப்பில் பல வருடம் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். மான்செஸ்டர் துணியைப் பேசும்போது சரி. நடு ஆப்பிரிக்காவின் காங்கோ இந்தக் கணக்கில் சேராது.

காங்கோவை 1885-ல் பெல்ஜியம் பிடித்ததாகக் கட்டுரையில் ஒரு வரி வருகிறது. பிடித்தது அதன் மன்னர் இரண்டாம் லியோபோல்ட், தன் சொந்தச் சொத்தாக. பெல்ஜியத்தில் ஆலைகளுக்குக் குறைவில்லை, ஆனால் அந்த முதலாளிகள் யாரும் காலனி கேட்டு வரிசையில் நிற்கவில்லை. மன்னருக்குத்தான் ஆசை. எந்த ஊர் என்பதுகூட அவருக்கு இரண்டாம்பட்சம்தான். அதற்கு முன் ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸை வாங்கவும் பார்த்தவர். அடிமை வியாபாரத்தை ஒழிக்கிறேன் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, ஸ்டான்லி என்ற நாடுகாண் பயணியை அனுப்பி காங்கோ ஆற்றங்கரைத் தலைவர்களிடம் கைநாட்டு வாங்கினார். கிடைத்தது பெல்ஜியத்தைப் போல 76 மடங்கு நிலம். அதில் அவர் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

மூலப்பொருளுக்காகவா? ரப்பருக்குக் கிராக்கியைக் கூட்டிய டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்ததே 1888-ல். அதுவரை காங்கோவில் முக்கிய வரும்படி தந்தம்தான். அது போதாமல், 1890-ல் பெல்ஜிய அரசிடம் 2.5 கோடி பிராங்க் கடன் வாங்கினார் மன்னர். காட்டில் படர்ந்து கிடந்த ரப்பர் கொடி பணமானது அதற்கப்புறம். பெண்களைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டு ஆண்களைப் பால் எடுக்கக் காட்டுக்கு விரட்டினார்கள். தோட்டாவை வீணாக்கவில்லை என்று கணக்குக் காட்ட, சிப்பாய்கள் வெட்டிய கைகளைக் கொண்டுவந்து காட்டினார்கள்.

சந்தை என்ற காரணம் இன்னும் மோசம். எட்மண்ட் மோரல் என்பவர் லிவர்பூல் கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. வேலை விஷயமாக பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகம் போய்வருகிறவர். காங்கோவிலிருந்து வரும் கப்பலில் ரப்பரும் தந்தமும் நிறைந்திருக்கும். திரும்பிப் போகும் கப்பலிலோ பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும்தான் என்பதை அவர் கவனித்தார். வியாபாரம் செய்யப் போகிறவன் துணியும் பாத்திரமும் அல்லவா ஏற்றிப் போவான்? அப்படியானால் ரப்பர் சேகரிப்பவனுக்கு என்ன கூலி? ஒன்றுமில்லை என்று மோரலுக்குப் புரிந்துவிட்டது. (சரக்குப் பட்டியலை ஒழுங்காகப் படிக்கும் ஒரு குமாஸ்தா போதும் போலிருக்கிறது.) வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகை நடத்தினார். காங்கோ கொடுமைகளைப் பற்றி பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மெண்டின் அறிக்கை 1904-ல் வந்தது. எதிர்ப்பு வலுத்து, 1908-ல்தான் காங்கோ பெல்ஜிய அரசின் கைக்குப் போனது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும்போது அந்த '1885, பெல்ஜியம்' வரியைத் திருத்திப் போடுங்கள். மாணவர்களும் படிக்கிற இதழ் இது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
பாளையங்கோட்டை