அணைவதற்குள் ஒரு புள்ளி

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. பதில் எழுத உட்கார்ந்த இரவுகளில் எல்லாம் வானில் புது வெடிப்பு என்று ஏதாவது ஒரு அறிவிப்பு வந்து எழுப்பிவிட்டுவிட்டது. “எக்ஸ் கதிர் வெடிப்பைத்தான் செயற்கைக்கோள் பார்த்துவிட்டதே, அப்புறம் நீ எதற்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறாய்?” என்று கேட்டிருக்கிறாய்.

எக்ஸ் கதிரை மட்டும் வைத்துக்கொண்டு வெடிப்பின் தூரத்தைப் பெரும்பாலும் சொல்ல முடியாது. தூரம் தெரியாவிட்டால், அது பக்கத்தில் எரியும் தீக்குச்சியா, தொலைவில் எரியும் காடா என்பதும் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் ஒளி கிடைத்தால் அதை நிறம் நிறமாகப் பிரித்து நிறமாலை எடுக்கலாம், தூரமும் வந்துவிடும். அந்த ஒளியைத் தொலைநோக்கியில் தேடத்தான் விழித்திருக்கிறேன்.

முன்பெல்லாம் இது அதிர்ஷ்டக் கணக்கு. 2008 ஜனவரி 9-ல் நாசாவின் ஸ்விஃப்ட் செயற்கைக்கோள், என்ஜிசி 2770 என்ற விண்மீன் திரளில் ஏற்கெனவே வெடித்த ஒரு விண்மீனை, அதாவது சூப்பர்நோவாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதே திரளில் இன்னொரு விண்மீன் வெடித்தது. எக்ஸ் கதிர் சில நிமிடம்தான் மின்னியது. சரியாக 16 வருடம் கழித்து, அதே ஜனவரி 9-ல், சீனாவின் ஐன்ஸ்டீன் புரோப் என்ற எக்ஸ் கதிர் செயற்கைக்கோள் மேலே போனது. சிங்கி இறாலின் கண்ணைப் பார்த்துச் செய்த ஒளியியல் அதில் இருக்கிறது; ஒரே பார்வையில் 3600 சதுர டிகிரி, அதாவது வானத்தில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. இப்போது அதிர்ஷ்டத்துக்குப் பஞ்சமில்லை, தூக்கத்துக்குத்தான்.

வெடிப்பு நடந்த இடம் என்று அது தருவது ஒரு சிறு வட்டம், முழுநிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். சின்னதுதானே என்பாய். ஆழமாகப் படம் எடுத்தால் அதற்குள் நூற்றுக்கணக்கான புள்ளிகள். பழைய படத்தைப் புதியதிலிருந்து கழிப்போம். சரியாகக் கழிந்தால் சாம்பல் நிறத்தில் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு நின்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். போன மாதம் அப்படி ஒரு பொட்டு. அவசரப்பட்டு எல்லோரையும் எழுப்பினேன். அரை மணியில் அது நகர்ந்திருந்தது. சிறுகோள்! இன்னும் கேலி ஓயவில்லை. நம் திரளுக்குள்ளேயே இருக்கும் சிவப்புக் குறு விண்மீன்கள் திடீரென்று சீறிப் பிரகாசித்து ஏமாற்றுவதும் உண்டு.

கிடைக்கும்போது கிடைப்பது பெரிது. 2024 மார்ச் 15-ல் ஐன்ஸ்டீன் புரோப் பிடித்த இபி240315ஏ என்ற வெடிப்புக்கு, சிறுகோள் தேடும் அட்லஸ் தொலைநோக்கிகளின் படத்தில் அதற்குரிய ஒளிப்புள்ளி சிக்கியது. தூரத்தைக் காட்டும் செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளி சிவப்பு நோக்கி நகரும் அளவு) 4.859, சுமார் 1250 கோடி ஆண்டுகள் பழைய ஒளி. அத்தனை தூரத்தில் வழியிலுள்ள ஹைட்ரஜன் நீலத்தை விழுங்கிவிடும்; அதனால் நீல வடிகட்டியில் மட்டும் தேடினால் கோட்டைவிடுவோம். 2025 ஜனவரியின் இபி250108ஏ வேறு ரகம். காமா கதிர் எதுவும் பதிவாகவில்லை, ஆனால் சில நாளில் அதே இடத்தில் சூப்பர்நோவா ஏறியது. வெடிப்பில் பீறிடும் தாரை வெளியே வரமுடியாமல் விண்மீனுக்குள்ளேயே மூச்சுத்திணறியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

நேற்று எதுவும் தெரியவில்லை. “இவ்வளவு மங்கலான புள்ளி வரை தேடினோம், எதுவும் இல்லை” என்று எழுதி அனுப்பினேன். தூசி மறைத்ததோ, நாங்கள் போவதற்குள் அணைந்துவிட்டதோ.

உன் கண் அறுவை எப்போது என்று எழுது. இதோ, மறுபடி அறிவிப்பு.

உன்
பழைய அறைத்தோழன்