அச்சுதன் வைத்தியரின் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் அரிய நூல்களைப் பற்றி வந்த கட்டுரையோடு, மலபார்ச் செடிகொடிகளைப் பற்றிய பழைய லத்தீன் நூலான 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' படங்களை அரைப்பக்க அளவில் போட்டிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் படங்களுக்குக் கீழே வான் ரீட் என்ற ஒரே பெயர்தான் இருந்தது. நாகர்கோவிலில் நெடுங்காலம் தாவரவியல் பாடம் எடுத்தவள் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

வான் ரீட், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொச்சித் தளபதி. 742 செடிகொடிகளைச் சொல்லும் அவருடைய நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. கடைசித் தொகுதிகளைப் பார்க்காமலே 1691-இல் சூரத் போகும் வழியில் கப்பலில் இறந்துபோனார். அவர் பட்ட பாட்டை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் எந்தப் பட்டை எந்த நோய்க்கு ஆகும், எந்த வேரை எப்படிக் காய்ச்ச வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரிந்தது? சொன்னவர் சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். கூடவே ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்கள். இது என் ஊகம் அல்ல. முதல் தொகுதியிலேயே அவர்களுடைய சாட்சிக் கடிதங்கள் அச்சாகியிருக்கின்றன. அச்சுதனின் கடிதம் 1675 ஏப்ரல் 20 தேதியிட்டது. வட்டெழுத்தின் வழிவந்த பழைய மலையாள எழுத்தான கோலெழுத்தில் எழுதியது. தளபதி சொன்னபடி கொச்சிக்கு வந்ததையும், தம்மவர்களின் வைத்திய நூலில் உள்ளதையும் தன் வைத்திய அனுபவத்தில் கண்டதையும் மொழிபெயர்ப்பாளர் இமானுவேல் கர்னெய்ரோவிடம் சொன்னதையும் அதில் அவர் குறிப்பிடுகிறார். வான் ரீட் மறைக்காத பெயரை, முந்நூறு ஆண்டு கழித்து நாம் ஏன் விட்டுவிட வேண்டும்?

எல்லோருக்கும் இந்த அளவு மரியாதைகூடக் கிடைக்கவில்லை. 1563-இல் கோவாவில் அச்சான போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தாவின் மருந்துச் சரக்கு நூலில் அந்தோனியா என்ற பணிப்பெண் வருகிறாள். எஜமான் கேட்கும் சரக்கைக் கொண்டுவந்து கொடுப்பவள் அவள். அவளுக்கு என்ன தெரிந்திருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அச்சுதன் விஷயத்தில் அச்சிட்ட ஆதாரமே இருக்கிறது, சார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தியாவுக்கே வராத ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ், நம் செடிகள் பலவற்றுக்கு அறிவியல் பெயர் வைத்தபோது இந்தப் படங்களை நம்பித்தான் வைத்தார். அவற்றில் சில பெயர்கள் எந்தச் செடியைக் குறிக்கின்றன என்பதற்கு மூலச் சான்று இன்றைக்கும் உலர்த்தி வைத்த செடி அல்ல, இந்த நூலின் படம்தான். பாடப்புத்தகத்தில் லின்னேயஸ் பெயரை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு அச்சுதனையும் தெரிய வேண்டாமா?

லத்தீனில் பூட்டிக் கிடந்த இந்த நூலைத் திறந்து கொடுத்தவர் கோழிக்கோட்டுத் தாவரவியலாளர் கே. எஸ். மணிலால். வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்கே கொடுத்தார். கேரளப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பதிப்பை 2003-இலும் மலையாளப் பதிப்பை 2008-இலும் வெளியிட்டது. 2025 புத்தாண்டு நாளில் அவர் காலமானார். அவரைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இல்லை. ஏலத்தில் என்ன விலைக்குப் போகும், தோல் அட்டை எப்படி இருக்கும் என்பதற்கு மட்டும் இரண்டு பத்தி!

மூலத் தொகுதிகள் பல்லுயிர் மின்நூலகத்தின் (Biodiversity Heritage Library) இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் தொகுதியைத் திறந்தால் நம் தென்னைதான் முதலில் நிற்கிறது, 'தெங்கா' என்ற பெயரோடு. அடுத்த ஞாயிறு இணைப்பில் அச்சுதனின் கோலெழுத்துக் கடிதப் பக்கத்தை, தமிழ் மொழிபெயர்ப்போடு, அதே அரைப்பக்க அளவில் வெளியிடுங்கள். தாவரவியல் துறை உள்ள கல்லூரிகளுக்கு அதைக் கத்தரித்து அனுப்பும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
நாகர்கோவில்