மெஷினுக்கு முன்னால் பாட்டிலைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் அனைவரும் நலம். அங்கு அம்மா, அப்பா, நீ எல்லோரும் நலம்தானே? குளிர் தாங்க முடிகிறதா என்று அம்மா கேட்டிருந்தாள். கட்டடத்துக்குள் தெரியாது, வெளியேதான் என்று சொல்.

நீ தண்ணீர்ப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். காற்று, தண்ணீர், உணவு மூன்றையும் சோதிக்கும் எங்கள் லேபில் என்னென்ன மெஷின் இருக்கிறது, வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டிருந்தாய். மெஷின் எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்: உலோகங்களுக்கு ஐசிபி-எம்எஸ், ஆவியாகும் பொருள்களுக்கு ஜிசி-எம்எஸ், கரைசலில் பிரிக்க வேண்டியவற்றுக்கு எல்சி-எம்எஸ். ஆனால் ஒரு எண் உறுத்தினால் இங்கே முதலில் பாட்டிலைத்தான் சந்தேகப்படுவார்கள். அப்புறம் ஆசிட், அப்புறம் கையுறை. மெஷினுக்குக் கடைசி இடம்தான்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். குளிர்காலத்தில் பல வீடுகளில் விறகு எரிக்கிறார்கள். தரையை ஒட்டிய குளிர்காற்று மேலே போகாமல் தேங்கி நிற்கும்போது புகையும் சேர்ந்து தேங்கும். பிஎம் 2.5 என்ற, 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட நுண்துகளை அளக்க 47 மிமீ ஃபில்டர் வழியாக மணிக்கு 2.3 கன மீட்டர் வீதம் ஒரு நாள் முழுக்கக் காற்றை இழுப்போம். மொத்தம் 55 கன மீட்டர். காற்றில் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் இருந்தால் ஃபில்டரில் சேருவது அரை மில்லிகிராம் சொச்சம்தான். குவார்ட்ஸ் ஃபில்டரின் சொந்த எடையோ ஏறக்குறைய 150 மில்லிகிராம். அறையின் ஈரப்பதம் கொஞ்சம் ஏறினாலும் ஃபில்டர் அதைக் குடித்துவிட்டு, தூசி கூடியதுபோல எடை காட்டும். அதனால்தான் எடை போடும் அறை 19 முதல் 21 டிகிரி, ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் என்று பூட்டப்பட்டிருக்கிறது. ஃபில்டர் அங்கே குறைந்தது 48 மணி நேரம் கிடந்த பிறகுதான் தராசுக்குப் போகும். டெஃப்லான் ஃபில்டராக இருந்தால் நிலைமின்சாரத்தை நீக்காமல் தட்டில் வைக்காதே, எண் நிற்கவே நிற்காது. எடுத்துவரும் வழியில் ஃபில்டர் சூடானால் அம்மோனியம் நைட்ரேட் ஆவியாகிவிடும். எடை குறைந்து வருவதைப் பார்த்துக் காற்று சுத்தம் என்று எழுதிவிடுவார்கள்.

அதே விறகுப் புகையில் பென்சோ-ஏ-பைரீன் என்ற, புற்றுநோய் உண்டாக்கும் பொருள் இருக்கிறது. ஐரோப்பாவில் அதற்கு ஆண்டுச் சராசரி இலக்கு கன மீட்டருக்கு 1 நானோகிராம். இதில் ஏமாற்றுவது கூடப்பிறந்ததுதான்: பென்சோ-ஏ-பைரீன், பென்சோ-ஈ-பைரீன் இரண்டுக்கும் நிறை 252. நிறையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். அதற்கு முன்னால் இருக்கும் பிரிகுழாய்தான் (column) பிரித்துக் கொடுக்க வேண்டும். டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய ஸ்டாண்டர்டை, அதாவது அளவு தெரிந்த ஒப்புப் பொருளை, சாறு இறக்குவதற்கு முன்பே ஃபில்டரின் மேல் விட வேண்டும். கடைசியில் விட்டால் வழியில் தொலைந்தது எவ்வளவு என்று தெரியாது. வெளிச்சத்தில் பென்சோபைரீன் சிதையும், பழுப்புக் கண்ணாடிக் குப்பி (வயல்) கட்டாயம்.

இனி உன் பிழைப்புக்கு வருவோம். இங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கிறார்கள், அதனால் ஈயத்தைப் பற்றிய கேள்வி நிறைய வரும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஐரோப்பாவில் 2036 ஜனவரிக்குள் 5-க்கு இறக்க வேண்டும். ஈயம் பெரும்பாலும் வீட்டுக் குழாயிலிருந்தும் அதன் இணைப்புகளிலிருந்தும்தான் கசிகிறது. இரவு முழுக்க நின்ற தண்ணீரின் முதல் லிட்டரும், நன்றாக ஓடவிட்டுப் பிடித்த லிட்டரும் ஒரே குழாயில் வெவ்வேறு எண்ணைத் தரும். இரண்டும் சரிதான். எது என்று பாட்டிலில் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவே. எழுதாமல் வரும் மாதிரியை நீ வாங்கவே வாங்காதே.

பாட்டில் பாலிஎதிலீன். நீர்த்த நைட்ரிக் ஆசிடில் ஊறவைத்து, மெஷினுக்கு ஊற்றும் அதே தூய நீரில் அலசியது. மாதிரியை நைட்ரிக் ஆசிடால் பிஎச் 2-க்குக் கீழே கொண்டுபோன பிறகு குறைந்தது 16 மணி நேரம் அதே பாட்டிலில் வை. ஈயம் பாட்டிலின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆசிட் அதைத் திரும்பக் கரைக்க நேரம் வேண்டும். அவசரம் என்று உடனே வேறு சோதனைக் குழாய்க்கு மாற்றி மெஷினில் வைத்தால் ஈயத்தில் ஒரு பங்கு பழைய பாட்டிலிலேயே தங்கிவிடும். அளக்கும்போது நிறை 206, 207, 208 உள்ள ஈயத்தின் மூன்று ஐசோடோப்புகளையும் கூட்டு. தாது எங்கிருந்து வந்ததோ அதைப் பொறுத்து ஈயத்தின் ஐசோடோப்பு விகிதம் மாறும். 208-ஐ மட்டும் நம்பினால் பிசகும்.

ஆர்செனிக்கில் வேறு வம்பு. அதற்கு நிறை 75 ஒன்றுதான். மெஷினின் பிளாஸ்மாச் சுடரில் உள்ள ஆர்கான் 40-ம் தண்ணீரில் உள்ள குளோரின் 35-ம் சேர்ந்தால் அதுவும் 75. உப்புத் தண்ணீரில் இல்லாத ஆர்செனிக் இருப்பதாகக் காட்டும். மெஷினுக்குள் அயனிகள் கடக்கும் மோதல் அறையில் (செல்) ஹீலியம் விட்டால் பருமனான அந்த ஜோடி அதிகம் மோதி ஆற்றலை இழந்து நின்றுவிடும், ஆர்செனிக் கடந்து போகும். இந்த மாதிரியை ஹைட்ரோகுளோரிக் ஆசிடால் பதப்படுத்தாதே, குளோரினை நீயே சேர்த்ததாகிவிடும். நைட்ரேட் பார்க்க வேண்டிய பாட்டிலில் நைட்ரிக் ஆசிடை ஊற்றி, நைட்ரேட்டைத் தாங்களே சேர்க்கிறவர்களும் உண்டு! சிரிக்காதே, ஒரே பாட்டிலில் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லும் இடங்களில் இது சகஜம். நைட்ரேட்டுக்குத் தனிப் பாட்டில், ஆசிட் வேண்டாம், குளிரில் வைத்துச் சீக்கிரம் முடி.

குளோரின் கலந்த நீரில், குளோரின் வினையால் உருவாகும் ட்ரைஹலோமீத்தேன் பார்ப்பதானால் 40 மில்லி வயலில் முதலிலேயே சோடியம் தயோசல்ஃபேட் போட்டுவை. இல்லாவிட்டால் மிச்சக் குளோரின் வரும் வழியெல்லாம் வினையைத் தொடர்ந்து, குழாயில் இருந்ததைவிட அதிகமாகக் காட்டும். மூடியபின் வயலைத் தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டு. ஒரு குமிழி மேலே ஓடினாலும் அந்த வயல் வேண்டாம். ஆவியாகும் பொருள் தண்ணீரை விட்டு அந்தக் குமிழிக்குள் போய்விடும்.

பிஎஃப்ஏஎஸ், அதாவது டெஃப்லானுக்கு உறவான, எளிதில் சிதையாத ஃப்ளூரின் சேர்மங்களின் சோதனை, உன் லேபுக்கு இன்னும் வரவில்லை என்றாய். வரும். அப்போது டெஃப்லான் மூடியை எல்லாம் ஒதுக்கிவிட்டு பாலிபுரொப்பிலீனுக்கு மாறு. எல்சி பம்புக்கும் மாதிரியைச் செலுத்தும் இன்ஜெக்டருக்கும் நடுவே ஒரு தாமதப் பிரிகுழாய் மாட்டு. கருவியின் குழாயிலிருந்து கசிவது வரைபடத்தில் மாதிரியின் முகட்டுக்கு (பீக்) பிறகு தனியாக வந்து சேரும்.

உணவுப் பகுதியில் பூச்சிமருந்து எச்சம்தான் பெரும்பாடு. 2003-இல் வந்த, மருந்தைக் கரைப்பானில் இறக்கி உப்பால் பிரிக்கும் குவெச்சர்ஸ் முறையைத்தான் சின்னச் சின்ன மாற்றங்களோடு இன்றும் பலரும் செய்கிறார்கள். உலர்பனியோடு அரைத்த 10 கிராம் மாதிரி, 10 மில்லி அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான். குலுக்கியபின் 4 கிராம் மக்னீசியம் சல்ஃபேட், 1 கிராம் உப்பு. உப்பைக் கொட்டிய கணமே மூடிக் குலுக்க வேண்டும். மக்னீசியம் சல்ஃபேட் தண்ணீரை உறிஞ்சுகையில் குழாய் கையில் சூடேறுவது தெரியும். ஒரு நிமிஷம் தாமதித்தால் அடியில் கல்லாக இறுகிவிடும், பிறகு எவ்வளவு குலுக்கியும் பயனில்லை. உலர்ந்த தானியமாக இருந்தால் முதலில் தண்ணீர் சேர்த்து ஊறவை. கீரையின் பச்சை நிறத்தை எடுக்கக் கார்பன் போடுகிறவர்கள் அளவோடு போட வேண்டும். தயாபெண்டசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மாதிரித் தட்டையான மூலக்கூறுகளையும் அது விழுங்கிவிடும். மாங்கோசெப் வகைப் பூஞ்சைக்கொல்லிகள் இந்த முறையில் சிக்கா. அரைத்தாலே சிதையும். அதற்குத் தனியாகப் பெரிய துண்டுகளாக நறுக்கி, ஸ்டானஸ் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் ஆசிடும் சேர்த்துச் சூடாக்கி, கிளம்பும் கார்பன் டைசல்ஃபைடை அளக்கிறோம்.

ஸ்டாண்டர்டைச் சும்மா கரைப்பானில் கரைத்து, அளவை ஒப்பிடும் வரைகோடு போட்டால் எல்சி-எம்எஸ் பொய் சொல்லும். உணவின் மற்றச் சரக்கு அயனியாவதை அமுக்கும். மருந்து படாத அதே உணவின் சாற்றில் ஸ்டாண்டர்டைக் கலந்து வரைகோடு போடு. ஒவ்வொரு தொகுதியிலும் தெரிந்த அளவு மருந்து சேர்த்த ஒரு மாதிரி ஓட வேண்டும். சேர்த்ததில் திரும்பக் கிடைப்பது (மீட்பு) 70 முதல் 120 சதவீதத்துக்குள் வராவிட்டால் அந்தத் தொகுதியின் எண்களை நாங்கள் வெளியே விடுவதில்லை. வாடிக்கையாளர் வாசலில் நின்றாலும்தான்.

உன் மேலாளர் புது மெஷின் வாங்கலாமா என்று யோசிக்கிறார் என்று எழுதியிருந்தாய். அதற்கு முன் ஒரு வேலை செய். தூய நீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் ஈயம் சேர்த்து ஏழு பாட்டில் தயார் செய்து, ஆசிட் முதல் அறிக்கை வரை எல்லாப் படியும் தாண்டி அளந்து, ஏழு எண்ணின் திட்ட விலக்கத்தை 3.14-ஆல் பெருக்கு, உங்கள் முறையால் கண்டறிய முடிகிற மிகக் குறைந்த அளவு கிடைக்கும். கூடவே ஒன்றும் சேர்க்காத பிளாங்க் ஏழு. இரண்டு பட்டியலையும், ஆசிட் பாட்டிலின் லேபிளில் என்ன கிரேடு என்று போட்டிருக்கிறதோ அதையும் எனக்கு எழுதி அனுப்பு. பிளாங்க்கே ஏறி இறங்கினால் புது மெஷின் அந்த அழுக்கை இன்னும் துல்லியமாக அளக்கும், வேறொன்றும் நடக்காது.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் வணக்கத்தைச் சொல். பதில் போடு.

அன்புடன்,
அக்கா