தராசுக் கேபிளுக்காகக் கணினியின் பூட்டைக் கழற்றாதீர்கள்

கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர் வட்டாரத் தேயிலைத் தொழிற்சாலை நிர்வாகிகளுக்கும், பச்சை இலை கொள்முதல் நிலையங்களில் கணினி பார்ப்பவர்களுக்கும்,

வணக்கம். பில் போடும் கணினித் திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். 'டெஸ்ட் மோட்' என்று பொடி எழுத்தில் தெரிந்தால் இந்த மடல் உங்களுக்குத்தான். தராசின் யுஎஸ்பி கேபிள் ஓடவேண்டும் என்பதற்காக, முறையான கையொப்பமில்லாத (தயாரித்தவர் யார் என்று காட்டும் மின்னணு முத்திரை இல்லாத) டிரைவரை, அதாவது கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளை ஏற்றி, காவலை அப்படியே திறந்துபோட்டுப் போயிருக்கிறார்கள். செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போதே நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் காவல்) இருக்கும்வரை டெஸ்ட் மோட் ஏறாது. ஆகவே பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பில்) அதையும் அணைத்திருப்பார்கள். இலை போடும் விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்கள் இருப்பதும் அதே கணினியில்தான்.

டிரைவர் ஓடுவது கெர்னலுக்குள், அதாவது விண்டோஸின் மையப் பகுதிக்குள். கெட்ட டிரைவர் ஒன்று நுழைந்துவிட்டால் ஆன்டிவைரஸையே ஊமையாக்கிவிடும். அதனால்தான் 64 பிட் விண்டோஸ், விஸ்டா காலத்திலிருந்தே கையொப்பம் கேட்கிறது. 2016-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பு முதல், செக்யூர் பூட் இயங்கும் புதிய நிறுவல்களில், புது டிரைவர்கள் மைக்ரோசாஃப்ட் வழியாகவே கையொப்பம் பெற்று வரவேண்டும். டெஸ்ட் மோடிலும் கையொப்பம் வேண்டும்தான், ஆனால் போட்டது யார் என்று அது பார்ப்பதில்லை.

கேபிள் வேலை செய்யவில்லையா? முதலில் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் (இணைத்த கருவிகளின் பட்டியலில்) மஞ்சள் முக்கோணத்தின் மேல் இருமுறை தட்டி, கோட் எண்ணைப் படியுங்கள். 52 என்றால்தான் கையொப்பச் சிக்கல். 10 என்றால் சாதனம் தொடங்கவில்லை. பெரும்பாலும் கேபிளுக்குள் இருக்கும் சிப் பழையது அல்லது போலி. 39 வந்தால், விண்டோஸ் செக்யூரிட்டியின் கோர் ஐசொலேஷனில் உள்ள மெமரி இன்டக்ரிட்டி என்ற கெர்னல் பாதுகாப்பு அந்த டிரைவரைத் தடுத்திருக்கலாம். பிறகு 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள், கேபிளுக்குள் எந்த சிப் என்று தெரியும்: 0403 எஃப்டிடிஐ, 067பி புரோலிஃபிக், 1ஏ86 சிஎச்340. மூன்றுக்கும் கையொப்பமிட்ட டிரைவர் தயாரிப்பாளரிடமே கிடைக்கிறது. பழைய புரோலிஃபிக் சிப் என்றால், 2012 முதல் கைவிடப்பட்டது என்று டிவைஸ் மேனேஜரே எழுதிக் காட்டும். அதற்கு டெஸ்ட் மோட் போடுவது, பல்வலிக்குக் காலில் கட்டுப் போடுவதுதான். கேபிளை மாற்றுங்கள்.

வேறு வழியே இல்லாத பழைய கருவி என்றால், ஒரு முறைக்கு மட்டும் திறக்கலாம். செட்டிங்ஸில் ரெக்கவரி, அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப், ரீஸ்டார்ட். நீலத்திரை வந்ததும் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், மீண்டும் ரீஸ்டார்ட். பட்டியல் வந்தால், கையொப்பச் சோதனையை நிறுத்தும் 7-ஐ அழுத்துங்கள். கணினியை அடுத்த முறை ரீஸ்டார்ட் செய்யும்வரைதான் இது செல்லும். காலையில் ஓடிய தராசு, மழையில் கரண்ட் போய் வந்ததும் மறுபடி கோட் 52 காட்டுவது இதனால்தான். அந்த எரிச்சலில்தான் பலர் நிரந்தரமாகத் திறந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட கருவிக்கு, இணையம் இல்லாத தனிக் கணினி ஒன்று ஒதுக்குங்கள்.

பில்லிங் மென்பொருளின் செட்டப் கோப்பு வேறு கதை. அறிமுகமில்லாத கோப்புகளைத் தடுக்கும் விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் அதைத் தடுத்தால் 'மோர் இன்ஃபோ', 'ரன் எனிவே' என்று தாண்டிவிடலாம். தாண்டுமுன், விற்றவரிடம் கோப்பின் எஸ்எச்ஏ-256 எண்ணை (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்ணை) கேட்டு வாங்குங்கள். விண்டோஸில் உள்ள செர்ட்யூட்டில் (certutil) கட்டளையில் உங்கள் கோப்புக்கு வரும் 64 குறிகளும் அதனோடு ஒத்துப்போக வேண்டும். ஜிப் கோப்பானால், பிரிக்குமுன்பே பிராப்பர்ட்டீஸில் 'அன்பிளாக்' கட்டத்தை டிக் செய்யுங்கள். பிரித்தபின் செய்தால் ஒவ்வொரு கோப்பிலும் தடை ஒட்டிக்கொண்டிருக்கும்.

கையொப்பம் இருந்தால் எல்லாம் சரி என்றும் நாங்கள் சொல்லவில்லை. 2014-இல் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர், முறையாகக் கையொப்பமிட்டது, போலி சிப்களின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கிக் கேபிள்களை முடக்கிவிட்டது. கையொப்பம் யாருடையது என்றுதான் சொல்லும். நல்லது கெட்டது சொல்லாது.

இப்போது நீங்கள் செய்யவேண்டியது: பிட்லாக்கர் (வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் முதலில் அதைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். 48 இலக்க மீட்பு எண்ணையும் எழுதி வையுங்கள். அது முதலாளியின் மகன் சென்னையில் இருந்துகொண்டு மறந்துபோன மின்னஞ்சலில் மாட்டியிருப்பதும் உண்டு! அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் பிராம்ப்டில் பிசிடிஎடிட் (bcdedit) கட்டளை கொண்டு டெஸ்ட்சைனிங்கை 'ஆஃப்' செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பயாஸில் செக்யூர் பூட்-ஐ மீண்டும் ஆன் செய்து, பிட்லாக்கரைத் திரும்ப இயக்குங்கள்.

புதுக் கேபிளை மாட்டியபின் தராசு எண் வரவில்லை என்றால் பதறவேண்டாம். சிஎச்340-ஐ வேறு யுஎஸ்பி துளையில் செருகினால் காம் எண் (அந்தக் கேபிளுக்கு விண்டோஸ் தரும் போர்ட் எண்) மாறிவிடும். போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு சென்று, பில்லிங் மென்பொருள் தேடும் எண்ணையே கொடுங்கள். தராசு தகவல் அனுப்பும் வேகம் பல தராசுகளில் 9600. உங்களுடையதைத் தராசின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். காம் எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கேபிளிலேயே ஒட்டி, எந்தத் துளை என்பதையும் குறித்து வையுங்கள்.

இப்படிக்கு,
நீலகிரியில் கணினி பழுது பார்க்கும் சிலர்