வரி மிச்சம், கூரைக்குச் செலவு

ஐயா,

அமெரிக்காவில் குடியேற ஏற்ற மாநிலம் ஃபுளோரிடா என்று தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மாநில வருமான வரி இல்லை என்பது உண்மைதான். ஜனவரியில் அரைக்கைச் சட்டையோடு வாசலில் உட்கார்ந்து காபி குடிக்கிறேன். கொல்லையில் முருங்கை நம்மூர் போலவே தழைக்கிறது. ஆனால் வரியில் மிஞ்சுவதில் பெரும்பங்கை வீட்டுக் காப்பீடு விழுங்கிவிடுவதைக் கட்டுரை தொடவே இல்லை. 2022 செப்டம்பரில் இயன் புயல் தாக்கியதற்கு அடுத்த ஆண்டு, ஒரு சொட்டுகூட ஒழுகாத என் வீட்டுக் கூரைக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி, காப்பீட்டு நிறுவனம் பாலிசியைப் புதுப்பிக்க மறுத்தது. சரி என்று கடன் வாங்கிக் கூரையை மாற்றிய பிறகுதான் வேறொரு நிறுவனம் ஏற்றுக்கொண்டது, அதுவும் கூடுதல் தொகைக்கு. அப்புறம், வெள்ளச் சேதம் இதில் சேராது. அதற்குத் தனிப் பாலிசி. மத்திய அரசின் வெள்ளக் காப்பீடு பொதுவாக 30 நாள் கழித்தே நடப்புக்கு வரும் என்பதால், புயல் கிளம்பிய பிறகு ஓடிப் பயனில்லை.

இனி இத்தகைய கட்டுரைகளோடு, வீட்டுக்கு முன்பணம் கொடுக்குமுன் கூரையின் வயது, வெள்ள அபாய மண்டலம், ஆண்டுக் காப்பீட்டுத் தொகை ஆகியவற்றை எப்படி விசாரிப்பது என்று ஒரு பெட்டிச் செய்தியும் வெளியிட வேண்டுகிறேன்.

வாசகர் ஒருவர்,
டாம்பா, ஃபுளோரிடா